சாமியாத்தாளின் புது லேப்டாப்

கல்லாங்காட்டூர்ப் பக்கம் பிறக்கிற பிள்ளைகளுக்கு இப்போதெல்லாம் ரெண்டு எழுத்துக்கு மேலே பேர் வைக்கிறதில்லை. ஆணாய் இருந்தால் மணி, வேலு, பெண்ணாய் இருந்தால் ராஜி, கலா என்று வாயைத் திறந்து மூடுவதற்குள் முடிகிற பேராய்ப் பார்த்து வைத்துவிட்டுத்தான் தொட்டில் கட்டுகிறார்கள். அதற்குக் காரணம் ஜோசியமும் இல்லை, சினிமாவும் இல்லை. சார்பதிவாளர் ஆபீஸ் தெருவில் பத்திரம் எழுதுகிற சாமியாத்தாள், பதினோரு வருஷமாய் வைத்திருந்த ஒரு கம்பெனி லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு வேறொரு கம்பெனி லேப்டாப்புக்கு மாறினதுதான் காரணம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அடி வாங்கினவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

பழைய லேப்டாப் கறுப்பு நிறம், செங்கல் கனம். மூடியின் கீல் விட்டுப்போய் சைக்கிள் டியூபை வெட்டி இழுத்துக் கட்டியிருந்தாள், கட்டைகளில் பாதிக்கு எழுத்தே தேய்ந்து போயிருந்தது. ஆனாலும் அது எருமை மாதிரி, எத்தனை அடித்தாலும் வாங்கிக்கொண்டு நின்றது. சாமியாத்தாளின் விரல் அப்படிப்பட்ட விரல். பதினாறு வயசில் இரும்பு டைப்ரைட்டர் மெஷினில் நாலு கார்பன் தாளை அடுக்கி வைத்து, நாலாவது தாளிலும் எழுத்து அச்சாக விழவேண்டும் என்று இன்ஸ்டிடியூட்டில் அடிக்கப் பழகின விரல், ஒவ்வொரு விரலும் ஒரு உலக்கை. அவள் பத்திரம் அடித்தால் பக்கத்து ஜெராக்ஸ் கடை ரங்கநாயகத்தின் கண்ணாடி டம்ளர் மேஜையில் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்துவிடும்.

அந்த எருமை ஒருநாள் திறக்கவே இல்லை. சாமியாத்தாள் ஈரோட்டுக்குப் போய், பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுத்து வந்தாள். சாம்பல் நிறம், கத்தியை மட்டமாய்ப் படுக்கவைத்தாற்போல் ஒல்லி. "பிசினஸ் மாடலுங் மேடம், பெரிய பெரிய ஆபீசருங்க வெச்சிருக்கறது, கட்டையெல்லாம் பூ மாதிரி இருக்கும், தொட்டாப் போதும்" என்று கடைக்காரப் பையன் விரலால் தடவிக் காட்டினான். அவளுக்குத் தொட்டுப் பழக்கமில்லை. வீட்டுக்கு வந்து திறந்தால் எல்லாமே இடம் மாறியிருந்தது. பழசில் எழுத்தை அழிக்கிற கட்டை இருந்த மூலையில் புதுசில் மெஷினையே அணைக்கிற கட்டை இருந்தது, ஒரு எழுத்தை அழிக்கப்போய் மூன்று தடவை மெஷினைத் தூங்கவைத்தாள். மற்றபடி குறை சொல்ல முடியாது, திறந்தால் அவள் கைரேகையைத் தொட்டுப் பார்த்து அவளுக்கு மட்டும்தான் விழித்தது, சூடேறவில்லை, பழசைப்போல் மூச்சு வாங்கவும் இல்லை.

முதல் பத்திரம் வியாழக்கிழமை காலையில் ஓடியது. கொழந்தசாமி என்கிறவன் வீட்டுமனையை விற்கிறான், அங்கமுத்து வாங்குகிறான். ரெண்டு பேரும் ரெண்டு பெஞ்சில் முன்னும் பின்னுமாய் உட்கார்ந்திருக்க, சாமியாத்தாள் கொழந்தசாமியின் பேரை அடிக்க ஆரம்பித்தாள். முதல் எழுத்துக்கு அவன் தோள்பட்டையில் ஒரு குத்து விழுந்தது, ரெண்டாவது எழுத்துக்குப் பிடரியில், மூன்றாவதுக்குக் காதோடு சேர்த்து. ஆறு எழுத்து முடிவதற்குள் அவன் எழுந்து திரும்பி, பின்னால் உட்கார்ந்து வேட்டி நுனியில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த அங்கமுத்துவின் வாயில் முழங்கையை இறக்கினான். முன்பல் ஒன்று பெஞ்சின் மேல் விழுந்து துள்ளியது. அங்கமுத்து தன் எவர்சில்வர் தூக்குப்போசியைச் சுழற்றிக் கொழந்தசாமியின் நெற்றியைப் பிளந்தான், உள்ளே இருந்த மோர்ச்சோறும் ரத்தமும் கலந்து சுவரில் தெறித்தது. ரங்கநாயகம் ஓடிவந்து ரெண்டு பேரையும் பிரித்து உட்காரவைத்தான். ஆரம்பித்த பத்திரத்தைப் பாதியில் விடுகிற வழக்கம் சாமியாத்தாளுக்கு இல்லை, அவள் அடுத்ததாக அங்கமுத்துவின் பேரை அடித்தாள், ஆறு குத்து விலாவில் வரிசையாய் இறங்க, அவன் பாய்ந்து கொழந்தசாமியின் காதைக் கடித்தான்.

சாட்சிகள் ரெண்டு பேரும் அதேபோல் வாங்கினார்கள். கடைசியாகப் பத்திரத்தின் அடியில், எழுதியவர் பேர் போடவேண்டிய இடத்தில், சாமியாத்தாள் தன் பேரை அடித்தாள். ஆறு எழுத்தும் அவள் கன்னத்திலேயே வந்து இறங்கின, உதடு கிழிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு மேஜைக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள். ஆறு வீக்கம், ஒவ்வொன்றும் அளந்து வைத்தாற்போல் சதுரம். லேப்டாப் கட்டையைப் பார்த்தாள், அதுவும் அதே சதுரம்.

"அப்படியா சங்கதி" என்றாள்.

ரங்கநாயகம் கீழே கிடந்த பல்லைப் பொறுக்கி ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டே கேட்டான். "புதுசு எப்படீங்க்கா இருக்குது?"

"வெளிச்சம் நல்லா இருக்குது. கனமில்ல, சார்ஜு நிக்குது. பேரை அடிச்சா ஆளை அடிக்குது."

"பழசு அடிக்கலையே?"

"பழசு அத்தனையும் தானே வாங்கிக்கிச்சாட்டம் இருக்குது. இது வாங்கறதில்ல, அப்படியே அக்கட்டால தள்ளி உட்டுருது."

கம்பெனிக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் பேசின பிள்ளை மரியாதையாய்த்தான் கேட்டது, "ஸ்க்ரீன்ல கோடு விழுதுங்களா மேடம், சூடாகுதுங்களா?" என்று. "அதெல்லாம் இல்லைங் கண்ணு, ஆளை அடிக்குது" என்றாள். "கீழ விழுந்தாலும் தண்ணி பட்டாலும் பார்த்துத் தருவோமுங் மேடம், ஆளுக்குப் படற அடிக்கு எங்க பாரத்துல கட்டமே இல்லைங்" என்று அது போனை வைத்துவிட்டது.

கையை மெதுவாக்கினால் அடியும் மெதுவாகும் என்று அவளுக்கே தெரிந்தது. ஒரு மாசம் ராப்பகலாய்ப் பழகி, இறகு விழுகிற மாதிரி அடிக்கவும் கற்றுக்கொண்டாள். ஆனால் அதற்குள் ஊர் வேறு தினுசாய் மாறிவிட்டது.

நடந்தது என்னவென்றால், ரெண்டாவது வாரத்தில் ஒரு நிலத்தரகன், வெள்ளைத் துண்டு போட்ட ஒரு பெரியவரைக் கூட்டிவந்து, இவர்தான் நல்லப்பன் மகன் தெய்வசிகாமணி, நாலு ஏக்கரை விற்கிறார் என்றான். சாமியாத்தாள் தெய்வசிகாமணி என்று ஏழு எழுத்தையும் அடித்தாள். பெரியவர் பாட்டுக்குக் கால் ஆட்டிக்கொண்டு மூக்கு நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதே நேரத்தில் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் புரோட்டா தின்றுகொண்டிருந்த நிஜமான தெய்வசிகாமணி ஏழு குத்து வாங்கி, குருமாவிலேயே மூக்கு உடைந்து கிடந்தார். சாமியாத்தாள் பெரியவரின் முகத்தைப் பார்த்தாள், கன்னம் வழுவழுவென்று இருந்தது. "ஏனுங், உங்களுக்கு வலிக்கலீங்களா?" என்று கேட்டாள். அவர், "எனக்கெதுக்கு வலிக்கணும்?" என்று கேட்டு மாட்டிக்கொண்டார். தெருவே திரண்டு வந்து தரகனைச் செருப்பாலும் குடைக்கம்பியாலும் சைக்கிள் செயினாலும் அடித்தது. போலிப் பெரியவருக்குத் தோளெலும்பு ரெண்டாய்ப் போயிற்று. அவரை வண்டியில் ஏற்றும்போதும் யாரோ ஒருத்தி ஓடிவந்து விளக்குமாற்றால் ரெண்டு வைத்துவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து ஆபீசில் பதிவாளரம்மா புது வழக்கம் வைத்தார். அடையாளக் கார்டு ஒன்று, போட்டோ ரெண்டு, சதுர வீக்கம் ஒன்று. வீக்கம் இல்லாமல் வந்தால் ஆள் நிஜம் இல்லை, போய் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். கையால் குத்தினால் வீக்கம் உருண்டையாய் வரும், அதை அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்த மாத்திரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். சொந்த விருப்பத்தில்தான் எழுதிக்கொடுக்கிறாயா என்று முன்பெல்லாம் ஒவ்வொருத்தரிடமும் ஒரு கேள்வி கேட்பாரே, அதைக் கேட்பதை விட்டார். சதுரம் இருந்தால் சீல் அடித்தார்.

ஊர் அதற்குத் தகுந்தபடி நடந்துகொண்டது. பத்திரம் எழுத வருகிறவர்கள் பையில் மஞ்சள்பத்து அரைத்து எடுத்து வந்தார்கள், முதுகுக்குத் தலையணை கட்டிக்கொண்டு வந்தார்கள், பல்செட்டு வைத்திருக்கிறவர்கள் கழற்றி மனைவி கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்கள். டீக்கடைக்காரர் வெந்நீர் ஒத்தடத்துக்கென்று தனி அடுப்பு போட்டார். பாலசுப்பிரமணியங்களும் மகாலட்சுமிகளும் தங்களுக்குப் பேர் வைத்தவர்களைத் திட்டினார்கள். ஒருத்தர் தன் பேரை ஒரு இடத்தில் எடுத்து எட்டு இடத்தில் ஒட்டச் சொன்னார், அப்படி ஒட்டினது ஒவ்வொன்றும் குத்தாய் விழாமல் மிதியாய் விழுந்து, நாலாவது மிதியில் அவர் கடையை விட்டே வெளியே போய்ச் சாக்கடையில் கிடந்தார். பத்திரம் எதுவும் இல்லாமல் பகையாளியின் பேரை மட்டும் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. "பத்திரம் இருந்தாத்தான் பேரு, சும்மா அடிக்கறதில்லைங்" என்று அவள் சொன்னதற்கு, அதில் ஒருத்தன் கல்லை விட்டு ஜன்னலை உடைத்தான். தினம் அஞ்சாறு பத்திரம் ஓடியது, ஒவ்வொன்றின் அடியிலும் அவள் பேர் வரும். ஊரை அடித்த கனத்திலேயே தன் பேரையும் அடித்துக்கொண்டாள். முகம் சுட்ட கத்தரிக்காய் மாதிரி ஆயிற்று.

இதில் யாரும் கவனிக்காத ஒன்றும் நடந்தது. அடிக்கிறதற்கு இருந்த கூச்சம் ஊரை விட்டுப் போயிற்று. கண்டக்டர் சில்லறை கேட்டவனை அறைந்தான், மாமியார் மருமகளைக் கரண்டியால் அடித்தாள், மருமகள் மாமியாரைச் சுவரோடு வைத்துத் தேய்த்தாள். எவன் முகம் வீங்கியிருந்தாலும் எந்த வீட்டில் அலறல் கேட்டாலும் பத்திரம் ஓடுகிறது என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். அதிலும் சாமியாத்தாள் கடையிலிருந்து கத்தல் கேட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

மாரப்பன் இதைக் கவனித்தான்.

மாரப்பன் சாமியாத்தாளுக்கு அண்ணன். அவர்கள் அப்பன் எழுதிவைக்காமல் செத்ததில், கரும்புக்காடு ரெண்டே கால் ஏக்கர் மூன்று பேருக்கும் பொதுவாய் நின்றது. மாரப்பனுக்கு ஒரு பங்கு, சாமியாத்தாளுக்கு ஒரு பங்கு, அவர்கள் அம்மா பாவாத்தாளுக்கு ஒரு பங்கு. மாரப்பன் மொத்தமாய் ஒரு மில்காரனுக்குக் கொடுக்க வாக்குச் சொல்லியிருந்தான், தங்கச்சி தன் பங்கை விட்டுக்கொடுக்க மூன்று வருஷமாய் மாட்டேன் என்றாள். புருஷன் வேறொருத்தியோடு போனபிறகு அவளுக்கு இருந்தது இந்த வாடகைக் கடையும் அந்தப் பங்கும்தான். கடைசியில் போய்ப் படுக்கத் தன் பேரில் ஒரு மண் வேண்டும் என்று மட்டும் சொல்லுவாள். பாவாத்தாள் மகன் வீட்டில் சோறு தின்கிறவள், மகன் பக்கமே பேசினாள். "பொறந்தவனுக்கு எழுதிக் குடுத்தா உன்ற கை குறைஞ்சா போயிரும்?" என்று ஒவ்வொரு பண்டிகைக்கும் வந்து கேட்டுவிட்டுப் போவாள்.

ஒரு புதன்கிழமை, நல்ல உச்சி வெயில், தெருவெல்லாம் ஆள். மாரப்பன் பாவாத்தாளைக் கூட்டிக்கொண்டு கடைக்குள் வந்தான், ஷட்டரைப் பாதிக்கு இறக்கினான், கரும்பு வெட்டுகிற அரிவாளை மேஜைமேல் வைத்தான், அம்மாவைப் பெஞ்சில் உட்காரவைத்தான்.

"உன்ற பங்கை எனக்கு உட்டுத்தர்றதா விடுதலைப் பத்திரம் அடி" என்றான்.

"மாட்டனுங்ணா."

"நான் கேக்கறதுக்கு வரல, சாமியாத்தா."

"அருவாளைக் காட்டுனா கையெழுத்து வருமா? ஆபீசுல பதிவாளரம்மா கேக்குமே."

"என்ன கேக்கும்?" என்று மாரப்பன் சிரித்தான். "அது கேக்கறதை உட்டு ஆறு மாசமாச்சு. மூஞ்சியைப் பார்க்கும், சதுரமா இருந்தாச் சீலு குத்தும். உன்ற பொட்டி அடிச்சது பாதி நான் அடிச்சது பாதியா உன்னைக் கொண்டுபோய் நிறுத்தறேன், எவன் பிரிச்சுப் பார்ப்பான்?"

சொல்லிவிட்டு அவள் தலைமயிரைச் சுற்றிப் பிடித்து மேஜை விளிம்பில் நெற்றியை மோதினான். அவள் கத்தினாள், ரங்கநாயகத்தின் பேரைச் சொல்லியே கத்தினாள். சுவருக்கு அந்தப்பக்கம் ரங்கநாயகம் ஜெராக்ஸ் எடுக்க வந்தவனிடம், "மொதல் பேரு ஓடுதாட்டம் இருக்குது, என்ன ஒரு கால்மணி நேரம்" என்று சொல்லி, மெஷின் சத்தத்தில் பேச்சுக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்திக்கொண்டான். மாரப்பன் அவளை நாற்காலியோடு தள்ளினான், விழுந்தவளின் வயிற்றில் மிதித்தான், அவள் மேஜைக்காலைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தபோது இடது கையின் மேல் குதிகாலை வைத்துத் திருகினான். ரெண்டு விரல், காய்ந்த குச்சி உடைகிற சத்தத்தோடு உடைந்தது.

பாவாத்தாள் பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்து, "எழுதிக் குடுத்துரு தாயி, எதுக்கு அடி வாங்கற" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, நீ பார்த்துட்டு இருக்கற" என்றாள் சாமியாத்தாள் தரையிலிருந்து.

"நான் என்ன பண்ணட்டும்? அவன் சோறு போடறான்."

கையை உடைத்தும் அவள் அடிக்கமாட்டாள் என்று தெரிந்ததும் மாரப்பன் அவள் வலது கையை இழுத்து விரலை லேப்டாப்பில் வைத்து அழுத்தினான், அது விழித்தது. விடுதலைப் பத்திரத்தின் வாசகம் அதில் முன்னமே இருந்தது, பேர் விழவேண்டிய இடங்கள் மட்டும் காலியாய் இருந்தன. "போன்ல அடிக்கறாப்பலதானே, இதென்ன பெரிய வித்தை" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலதுகை ஆள்காட்டி விரலை நீட்டினான்.

முதல் இடம் வாங்கிக்கொள்கிறவன் பேர். அது அவன் பேர். மாரப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூங்குகிற குழந்தையின் கன்னத்தில் ஈயை ஓட்டுகிற மாதிரி, விரல் நுனியால் ஒவ்வொரு கட்டையாய்த் தொட்டான். அஞ்சு எழுத்து. சட்டைத்துணிகூட அசையவில்லை. "பார்த்தியாம்மா, ஒண்ணுமே ஆகல" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.

ரெண்டாவது இடம் சாமியாத்தாள். ஒவ்வொரு எழுத்துக்கும் விரலைத் தோள் உயரத்துக்குத் தூக்கி இறக்கினான். தரையில் கிடந்தவளின் தாடை ஒரு பக்கம் திரும்பியது, அடுத்ததில் மறுபக்கம் திரும்பியது, மூன்றாவதில் கண் மூடிப்போயிற்று, நாலாவது நெஞ்சுக்குழியில் விழுந்து மூச்சு நின்றுவந்தது. அப்படியே அடுத்த இடம், அதுவும் அவள் பேர், அதற்கடுத்த இடமும் அவள் பேர். அவனுக்கு அதில் ஒரு தாளம் பிடித்துவிட்டது, நெற்றியில் வேர்வை வழிய, பல்லைக் கடித்துக்கொண்டு, களத்தில் கதிர் அடிக்கிறவன் மாதிரி அடித்துக்கொண்டே போனான். அவள் கத்துவதை நிறுத்திவிட்டாள், ஒவ்வொரு அடிக்கும் உடம்பு மட்டும் ஒரு விரற்கடை தரையில் நகர்ந்தது.

அஞ்சாவது இடத்தில் மற்ற வாரிசுகளின் பேர். பாவாத்தாள் என்று வரவேண்டிய இடம். மாரப்பன் தாளத்தை விடவில்லை, தூக்கின விரலைத் தூக்கினபடியே இறக்கினான்.

பெஞ்சில் இருந்த கிழவியின் தலை பின்னால் போய்ச் சுவரில் மோதியது. ரெண்டாவது எழுத்துக்குக் காதிலிருந்த பழைய தண்டட்டி அறுந்து, காது கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் வாயைப் பொத்திக்கொண்டாள். அஞ்சாவது முழங்கையில் விழுந்தது.

"டேய் மாரப்பா" என்றாள். "என்ற பேராடா அது?"

"ஆமாம்மா, வாரிசுன்னு உன்ற பேரும் வருது. பொறுத்துக்க, இன்னும் ஏழு எடந்தான்."

"உன்ற பேரு வரலையா?"

"வந்துச்சே, மொதல்லயே போட்டனே."

பாவாத்தாள் கழுத்து ரத்தத்தைத் தொட்டுப் பார்த்து, அதை முழங்காலில் துடைத்தாள்.

"உன்ற பேருக்கு விரலு மெதுவா எறங்குச்சு, நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன்" என்றாள். "மெதுவா எறக்கத் தெரிஞ்சிருக்குது உனக்கு. எனக்குத்தான் அப்படி எறக்கல."

"அவசரத்துல வந்துருச்சும்மா, சும்மா இரு" என்று சொல்லி, அவன் அடுத்த இடத்துக்குப் போய் விரலைத் தூக்கினான், தூக்கினதை அதே உயரத்துக்குத்தான் தூக்கினான்.

பாவாத்தாள் எழுந்தாள். நாற்பது வருஷம் கரும்பு வெட்டினவள், எழுபது வயசிலும் கணு பார்க்காமல் வெட்டமாட்டாள். மேஜைமேல் இருந்த அரிவாளை எடுத்த வேகமும் இறக்கின வேகமும் ஒன்றாய் இருந்தது. விரல் ரெண்டாவது கணுவில் சுத்தமாய்த் தெறித்து, கட்டைகளின் மேல் விழுந்து ஒருதரம் புரண்டது. மாரப்பனுக்கு வலி வருவதற்கு முன்னால் ரத்தம் வந்தது, சாம்பல் நிறப் பொட்டியெல்லாம் சிவப்பாயிற்று. அதற்கப்புறம்தான் அவன் அலறினான். தெருவில் பஸ்ஸுக்கு நின்றவர்கள், டீ குடித்தவர்கள், எதிர்க்கடையில் ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லார் காதிலும் அந்த அலறல் விழுந்தது, ஒருத்தரும் எழுந்து வரவில்லை.

"அம்மா, நீயா" என்றான்.

"இன்னொரு விரலு நீட்டுனா அதையும் எடுப்பேன். போய்ட்டு வா" என்றாள் பாவாத்தாள், வீட்டு வாசலில் விடைகொடுக்கிற குரலில்.

அவன் கையை வேட்டியில் சுருட்டிக்கொண்டு ஷட்டருக்கடியில் குனிந்து வெளியே போனான், போகும்போது வழியில் பார்த்தவர்கள், பத்திரம் முடிஞ்சுதுங்களா என்று கேட்டார்களாம்.

பாவாத்தாள் அரிவாளைப் பெஞ்சுக்கடியில் வைத்தாள். கட்டைமேல் கிடந்ததைப் பழைய காகிதத்தில் எடுத்து ஓரமாய் வைத்தாள். மகளின் கைக்கடியில் தோளைக் கொடுத்துத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, தன் முந்தானையைக் கிழித்து உடைந்த விரல்களைச் சேர்த்துக் கட்டினாள். பிறகு லேப்டாப்பையும் துடைத்தாள், ஒவ்வொரு கட்டைக்கு நடுவிலும் துணி நுனியை விட்டுப் பொறுமையாய்த் துடைத்தாள்.

"என்ற பங்கை உன்ற பேருக்கு எழுது" என்றாள்.

சாமியாத்தாளுக்கு ஒரு கண்தான் தெரிந்தது. "இன்னைக்கு வேண்டாம் ஆத்தா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இன்னைக்கு விட்டா நாளைக்கு அவன் கட்டுப் போட்டுட்டு வந்து அம்மான்னு நிப்பான், எனக்கு மனசு எளகிப் போகும். என்னை எனக்குத் தெரியும். இப்பவே எழுது."

சாமியாத்தாள் தான செட்டில்மெண்ட் வாசகத்தைத் திறந்தாள். வலது கையை மட்டும் கட்டைமேல் வைத்தாள். "சரி. மெதுவா அடிச்சுக்கறேன். ஆபீசுல கேட்டா, அண்ணன் அடிச்சதுதான் உன்ற மூஞ்சியில சதுரமா இருக்குதே, அதையே காட்டிக்கலாம்."

"வேண்டாம்."

"ஏன்?"

"அது அவன் அடிச்சது. அதைக் காட்டி உனக்கு எழுதுனா, அவன் குடுத்ததாட்டம் ஆயிப்போகும். இது நான் குடுக்கறது. நீ அடி."

"ஆத்தா, காதுல ரத்தம் இன்னும் நிக்கல."

"மூணு வருஷமா நோம்பி நோம்பிக்கு வந்து உன்னைக் கேட்டேன்ல. சித்த முன்னாடி கீழ கெடந்து நீ என்னைப் பார்த்தப்ப, அவன் சோறு போடறான்னு சொன்னேன்ல. அடி."

சாமியாத்தாள் முதல் எழுத்தை அடித்தாள். மெதுவாய் அடிக்கத்தான் விரலைத் தூக்கினாள், இறங்கும்போது அது மெதுவாய் இறங்கவில்லை. பாவாத்தாளின் தோள் பின்னால் போயிற்று, கிழவி பெஞ்சின் விளிம்பை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல், "ம்" என்றாள். ரெண்டாவது எழுத்து அவள் கன்னத்தில் விழுந்து பற்களில் ரத்தம் தெரிந்தது. மூன்றாவது எழுத்துக்கு மகளின் விரல் கட்டைக்கு மேலே வந்து அப்படியே நின்றுவிட்டது, அவள் எவ்வளவு அழுத்தியும் கீழே இறங்க மறுத்தது, வீங்கின கண்ணிலிருந்து தண்ணீர் அவள் கையின் மேலேயே சொட்டியது.

பாவாத்தாள் பெஞ்சை விட்டு எழுந்து மகளுக்குப் பின்னால் வந்து நின்றாள். காப்புக்காய்ச்சின தன் கையை மகளின் கைமேல் வைத்து, விரலின்மேல் விரலை வைத்து, அந்தக் கட்டையைத் தானே அழுத்தினாள். அடி அவள் முதுகில் விழுந்தது, ரெண்டு பேரும் சேர்ந்தே முன்னால் குலுங்கினார்கள்.

"இந்தப் பேரு இன்னும் எத்தனை எடத்துல வருது?" என்று கேட்டாள்.

"இது போகப் பதிமூணு எடம்."

"ஆகட்டும்" என்றாள் பாவாத்தாள், கையை எடுக்காமலே.